செல்போன் வங்கிச் சேவை: பணம் போனால் பொறுப்பு யாருக்கு?



தீபாவளி நெருங்கும் மாதங்களில் சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் நடப்புக் கணக்கு ஓயாமல் ஓடும். வங்கிச் செயலியோ பெரும்பாலும் முதலாளியின் ஒரே சிம், ஒரே செல்போனில்தான் இயங்குகிறது. அவர் வெளியூர் வசூலுக்குப் புறப்பட்டால் கடை என்ன செய்யும்? போனையும் ரகசிய எண்ணையும் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்.

சிக்கல் இங்கேதான். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வங்கியின் குறையால் பணம் போனால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை. இருதரப்புத் தவறுமின்றி மூன்றாம் நபரால் போயிருந்தால், தகவல் வந்த நாள் நீங்கலாக 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் முழுத்தொகையும் கிடைக்க வேண்டும். 4 முதல் 7 நாட்கள் என்றால், சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களின் நடப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் நம் பொறுப்பு. ரகசிய எண்ணை நாமே பிறருக்குச் சொல்லி, அதனால் பணம் போனால், புகார் செய்யும்வரை போனதெல்லாம் நம் நஷ்டம். தவறு வாடிக்கையாளருடையது என நிரூபிக்க வேண்டியது வங்கியே. இதைப் பலர் அறியாமல் மேனேஜர் சொன்னதைக் கேட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

வங்கி இயந்திரம் தவறாதா என்ன? 1921ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கிய, நம் பக்கத்துத் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியில், 2023 செப்டம்பரில் சென்னை வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் கணக்கில் 9,000 கோடி ரூபாய் தவறுதலாக வரவானது! சிறிது நேரத்திலேயே வங்கி திரும்ப எடுத்துக்கொண்டது. நம் பணம் போனால் அந்த வேகத்தைக் காணோம். அதே சுற்றறிக்கை 10 வேலை நாட்களில் தற்காலிக வரவும், 90 நாட்களில் முடிவும் கேட்கிறது.

கணக்குப்பிள்ளைக்கு ரகசிய எண் தேவையே இல்லை. நிறுவனங்களுக்கான இணைய வங்கிச் சேவையில் அவர் தனிப் பெயரில் பட்டுவாடாவைப் பதியலாம். முதலாளி ஒப்புதல் தந்தால்தான் பணம் நகரும். உங்கள் கிளையில் எழுத்து மூலம் கேளுங்கள்.

விலைப்பட்டியல், அபராதச் சீட்டு என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் தொடாதீர்கள். அதை நிறுவினால் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் ஓ.டி.பி.யை மோசடிக்காரன் படித்துவிடுவான். காரணமின்றி சிம் செத்துப்போனாலும் உடனே விசாரியுங்கள்; வேறொருவன் அதே எண்ணுக்குப் புது சிம் வாங்கியிருக்கலாம்.

பணம் போனது தெரிந்தவுடன் 1930க்கும் வங்கிக்கும் சொல்லிப் புகார் எண்ணைப் பேரேட்டில் தேதி, நேரத்துடன் குறியுங்கள். 30 நாட்களில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணமில்லை.