வீட்டிலேயே செய்யலாம் சாக்லேட் இணை பிஸ்கட்

தீபாவளி நெருங்குங்கால் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் முறுக்கு, அதிரசத்தோடு பிஸ்கட் வகைகளும் போத்தல் போத்தலாய் அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து தேக்காவுக்குச் சென்று வருவோர், பிள்ளைகள் கேட்கும் சாக்லேட் பிஸ்கட்டின் விலையை அறிந்ததும் தயங்குவதுண்டு. அதே பண்டத்தை நம் அடுப்பிலேயே செய்துவிடலாம்.

சிங்கப்பூரின் பிஸ்கட் தொழிலுக்கும் இரப்பருக்கும் பழைய உறவு உண்டு. இரப்பர் வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய டான் கா கீ அவர்கள் பிஸ்கட் ஆலையும் நடத்தியவர். பின்னாளில் புகழ்பெற்ற கோங் குவான் நிறுவனத்தை 1947-ஆம் ஆண்டு தொடங்கிய சூ சகோதரர்கள், முன்னர் பிஸ்கட் ஆலைத் தொழிலாளர்களாய் இருந்தவர்களே. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் அவர்கள் பேராக்கில் கையாலேயே பிஸ்கட் செய்தனர். ஆகவே, இயந்திரமில்லாமல் இது இயலாது என்று எவரும் எண்ண வேண்டியதில்லை.

கோதுமை மாவு 200 கிராம், சோளமாவு 30 கிராம், பொடித்த சீனி 70 கிராம், மார்ஜரின் 120 கிராம், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவை போதும். முட்டை தேவையில்லை. மார்ஜரினையும் சீனியையும் வெளுக்கும்வரை குழைத்து, மாவுகளையும் உப்பையும் சலித்துச் சேர்த்துத் திரட்டுக. அழுத்திப் பிசைந்தால் பிஸ்கட் கடினமாகிவிடும். அரை சென்டிமீட்டர் கனத்தில் தேய்த்து, 5 சென்டிமீட்டர் அகலமுள்ள குவளை வாயால் வட்டங்களாக வெட்டினால் ஏறக்குறைய 34 வில்லைகள், அதாவது 17 இணைகள் கிடைக்கும்.

வெதுப்படுப்பு உள்ளவர்கள் 170 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம் வேகவிடலாம். இல்லாதவர்கள் கனமான இரும்புச் சட்டியில் இரண்டு விரற்கடை உலர்ந்த மணலைப் பரப்பி, மூடி, பத்து நிமிடம் சூடேற்றுக. மணல்மேல் சிறு முக்காலி வைத்து, அதன்மேல் தட்டை இருத்தி, இளந்தீயில் 20 முதல் 25 நிமிடம் விடுக. ஓரம் பொன்னிறமானதும் எடுத்துவிட வேண்டும். அப்போது மென்மையாக இருந்தாலும் ஆறியபின் மொறுமொறுப்பாகும். மணல் வெப்பத்தைச் சீராகப் பரப்புவதால் அடி கருகுவது குறையும்.

இனி, நடுவில் வைக்கும் பூரணம். சாக்லேட் கட்டியை உருக்கி வைப்பதைவிட, நம் வீடுகளுக்குக் கொக்கோத் தூளே ஏற்றது என்பது நமது கருத்து. சாக்லேட்டிலுள்ள கொக்கோ வெண்ணெய் 34 டிகிரியளவில் உருகும். நண்பகலில் தகரக் கூரையின்கீழ் அந்தச் சூடு அரிதன்று. மேலும், உருகும் சாக்லேட்டில் சில சொட்டு நீர் பட்டாலே இறுகித் திரிந்துவிடும். மார்ஜரின் 60 கிராம், ஐசிங் சீனி 100 கிராம், கொக்கோத் தூள் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்துக் குழைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் கலக்க வேண்டாம்; அது 24 டிகிரியிலேயே இளகிவிடும். (1980-களில் நம் தோட்டங்கள் பலவற்றில் கொக்கோ நட்டுக் காய் உடைத்தவர்கள், அந்தப் பருப்பே இந்தத் தூளாகிறது என்பதை அறிவார்கள்.)

பிஸ்கட் முற்றிலும் ஆறிய பின்னரே பூரணத்தைத் தடவி இணைக்க வேண்டும். மார்ஜரினில் நீர்ப்பசை இருப்பதால், தடவிய பிஸ்கட் நாளாக நாளாக நமுத்துப் போகும். எனவே, வெறும் வில்லைகளை இறுக மூடும் டின்னில் சேமித்துவைத்து, விருந்தினர் வரும் நாளன்று காலையில் வேண்டிய அளவுக்கு மட்டும் இணைத்துக்கொள்வது நலம்.