கடை வாசல் வண்டிகளும் காப்பீட்டுக் கணக்கும்

மதுரை கீழமாசி வீதியில் நமது மண்டிக்குச் சொந்தமாக மூன்று வண்டிகள் உண்டு. வீட்டுக் கார் ஒன்று (அது கடை வாசலில் நிற்க இடம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள்), மகன் ஓட்டும் பைக் ஒன்று, பார்சல் ஆபீசுக்கும் வங்கிக்கும் கடைப் பையன் போய்வரும் மொபெட் ஒன்று. வணிகப் பெருமக்கள் பலர் வீட்டிலும் இதுதான் நிலைமை. இந்த மூன்றுக்கும் இன்சூரன்ஸ் கட்டுவதில் எங்கே பணத்தை மிச்சப்படுத்தலாம், எங்கே மிச்சப்படுத்தக் கூடாது என்பதை நாம் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

2013-ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். பையன் மொபெட்டில் பில் புத்தகத்துடன் போனவன், திருப்பத்தில் ஒரு வயதான அம்மாள் மீது மோதிவிட்டான். அவர்களுக்குக் கால் எலும்பு முறிவு. நாமே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், செலவையும் ஏற்றோம். வழக்கு என்று வந்தபோது வண்டியின் காகிதங்களை எடுத்துப் பார்த்தால், பாலிசி முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது! காருக்கு மட்டும் முறையாகப் புதுப்பித்திருந்தோம். கார் பாலிசி என்றால் ஏஜெண்டு ஒரு மாதம் முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். மொபெட்டுக்கு யாரும் வருவதில்லை, அதில் அவருக்குக் கிடைக்கும் கமிஷன் டீச் செலவுக்குக் காணாது. சில நூறு ரூபாயைக் கட்ட மறந்ததற்கு, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நாம் கட்டிய தொகை வட்டியுடன் இரண்டு லட்சத்தை நெருங்கியது. குற்றம் நம்முடையது. அந்த அம்மாளுக்கு அது சேர வேண்டிய பணம்தான். ஆனால் அந்த ஆண்டு மிளகாய்க் கொள்முதலுக்கு வைத்திருந்த ரொக்கம் அதில் போனது.

அதன் பிறகுதான் மூன்று பாலிசிகளையும் ஒரே கோப்பில் வைத்து வரிவரியாகப் படித்தோம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பாலிசியில் இரண்டு சரக்குகள் இருக்கின்றன. ஒன்று மூன்றாம் நபர் காப்பீடு. அதாவது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இல்லாமல் ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை அபராதமே 2,000 ரூபாய். இதன் விலை அரசு நிர்ணயம், எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் ஒன்றுதான். 2022 ஜூன் 1 முதல் அறிவித்த விகிதப்படி 75 சி.சி. வரை இரு சக்கர வாகனத்துக்கு 538 ரூபாய், 75-க்கு மேல் 150 சி.சி. வரை 714 ரூபாய், 1000-க்கு மேல் 1500 சி.சி. வரை உள்ள சொந்தக் காருக்கு 3,416 ரூபாய். நம் மூன்று வண்டிக்கும் சேர்த்து 4,668 ரூபாய், 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்த்தால் 5,508 ரூபாய். இதில் பேரம் பேசி ஒரு பைசா குறையாது. இதைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்று எவராவது வந்தால், அது போலிப் பாலிசி என்றே சந்தேகப்பட வேண்டும். (இந்த ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம் என்று சில அன்பர்கள் நினைக்கிறார்கள். சாதாரணக் கார், பைக் பாலிசிக்கு அது கிடையாது.)

இரண்டாவது சரக்கு, நம் வண்டிக்கே ஏற்படும் சேதம், தீ, வெள்ளம், திருட்டு ஆகியவற்றுக்கானது. 2006 வரை இதற்கும் ஒரே விலைப்பட்டியல்தான். 2007 ஜனவரி 1 முதல் கம்பெனிகள் தாங்களே விலை வைத்துக்கொள்ள விட்டுவிட்டார்கள். எனவே பேரம் பேசுவதும் நாலு இடத்தில் விசாரிப்பதும் இந்தப் பகுதிக்குத்தான். மூன்று கம்பெனியில் விலை கேட்கும்போது வண்டியின் மதிப்பை ஒரே தொகையாக வைத்துக் கேட்க வேண்டும். மதிப்பைக் குறைத்துப் போட்டு பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவது, எடையைக் குறைத்து விலையைக் குறைப்பது போன்ற வியாபாரம். வண்டி திருடு போகிற அன்றைக்குத்தான் அந்த எடை தெரியும்.

கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு இந்தப் பகுதியில் 20 சதவிகிதத்தில் தொடங்கி, 25, 35, 45 என்று ஏறி ஐந்தாம் ஆண்டில் 50 சதவிகிதம் வரை தள்ளுபடி உண்டு. நம் கார் பம்பர் ஒரு தடவை உடைந்தது. புதுப் பம்பர் 4,000 ரூபாய். பிளாஸ்டிக் பாகம் என்பதால் சாதாரணப் பாலிசியில் பாதி கழியும், கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய், ஆக கைக்கு வருவது ஆயிரம். அடுத்த ஆண்டு நாம் இழக்கும் தள்ளுபடியோ 3,000 ரூபாய். கிளெய்ம் போடாமல் நாமே மாற்றிக்கொண்டோம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் சேர்த்த தள்ளுபடி போய்விடும். காருக்குச் சேர்த்ததைப் பைக்குக்கு மாற்றவும் முடியாது.

உண்மையான மிச்சம் வேறோர் இடத்தில் கிடைத்தது. பாலிசியில் உரிமையாளர்–ஓட்டுநர் விபத்துக் காப்பீடு என்று ஒரு வரி இருக்கும். 2018 செப்டம்பரில் அதை 15 லட்ச ரூபாயாக உயர்த்தி, ஆண்டுக்கு 750 ரூபாய் என்று வைத்தார்கள். வண்டியை ஓட்டும் உரிமையாளரின் உயிருக்கும் உறுப்புக்குமான காப்பீடு இது. காரும் பைக்கும் ஒருவர் பெயரிலேயே இருந்தால் இதை இரண்டு தடவை கட்ட வேண்டியதில்லை. 2019 ஜனவரி 1 முதல் இதைத் தனியாகவே ஒன்று வாங்கிக்கொள்ளலாம், வேறு பாலிசியில் ஏற்கெனவே இருந்தாலும் போதும் என்று விதி வந்துவிட்டது. ஆனால் கேட்காதவர்களுக்கு இரண்டிலும் சேர்த்தே பில் போடுகிறார்கள். நாமும் இரண்டு ஆண்டு அப்படிக் கட்டியிருக்கிறோம். மருமகப்பிள்ளை ஊரிலிருந்து வந்தபோது இரண்டு பாலிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அது வரை நம் கண்ணில் படவில்லை.

இதற்கு வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பது முக்கியம். நம் வீடுகளில் கார் வீட்டம்மா பெயரில், பைக் மகன் பெயரில், மொபெட் கடைப் பெயரில் என்று இருக்கும். கடை கூட்டு நிறுவனமாக இருந்து, வண்டி அதன் பெயரில் இருந்தால் இந்த விபத்துக் காப்பீடு பொருந்தாது, கட்டவே வேண்டாம். ஒருவர் பெயரில் உள்ள காருக்கும் பைக்குக்கும் சேர்த்து, சேதப் பகுதிக்கு ஒரே பாலிசி தரலாம் என்று 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்தது. அதுவும் பெயர் ஒன்றாக இருந்தால்தான். ஏஜெண்டிடம் கேட்டு விலையைத் தனித்தனிப் பாலிசிகளுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். சேர்த்து வாங்கினால் மலிவு என்று கேட்காமலே முடிவு கட்டிவிடக் கூடாது.

பழைய மொபெட்டுக்கு நாம் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுக்கிறோம், அதன் மதிப்புக்கு அது போதும். மகனின் புது பைக்குக்கு முழுப் பாலிசி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி, ஸ்ரீவைகுண்டம் பக்கம் வண்டிகள் தண்ணீரில் நின்றது நினைவிருக்கும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு அப்படிப்பட்ட நஷ்டத்தில் ஒரு ரூபாயும் வராது.

பெரிய சம்பளம் வாங்கும் ஏஜெண்டுகள்கூட நம்மிடம் சொல்லாத ஒன்று உண்டு. சொந்தக் கார் பாலிசியில், மாதிரிச் சரக்கைத் தவிர வேறு சரக்கு ஏற்றக் கூடாது என்று நிபந்தனை இருக்கிறது. டிக்கியில் நாலு மூட்டை பருப்புடன் விபத்து நடந்தால் கம்பெனிக்காரர் முதலில் எடுப்பது அந்தப் பக்கத்தைத்தான். சரக்குக்கு வாடகை ஆட்டோவே நல்லது. பையனின் லைசென்ஸ் நகலையும் பாலிசிக் கோப்பிலேயே வைத்து, அது எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுதி வையுங்கள்.

2018 செப்டம்பர் முதல் புது பைக் வாங்குவோரிடம் ஐந்தாண்டுக்கான மூன்றாம் நபர் பிரீமியத்தை ஒன்றாக வாங்கிவிடுகிறார்கள். சேதப் பகுதி அதே ஐந்தாண்டுக்கு இருக்கிறதா, ஒரே ஆண்டுக்கா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, ஐந்து வருடம் புதுப்பிக்காமல் பழகியவருக்கு ஆறாம் வருடம் நினைவு வராது. 2019-இல் வாங்கிய வண்டிகளுக்கு அந்தக் கெடு 2024-இலேயே முடிந்துவிட்டது.

நாம் இப்போது மூன்று வண்டியின் முடிவுத் தேதியையும் கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். மொபெட்டின் தேதி சிவப்பு மையில்.