பிரெஞ்சு ஒழுங்கு வினைகள் (நிகழ்காலம்)

பிரெஞ்சு மொழியின் வினைச்சொற்கள் மூன்று குழுக்களாகப் பகுக்கப்படுகின்றன. அவற்றுள் அகராதி வடிவம் ஈ-ஆர் என்னும் எழுத்துகளில் முடியும் முதற்குழுவே மிகப் பெரியது. புதிதாக உருவாகும் வினைகளும் பெரும்பாலும் இக்குழுவிலேயே சேர்கின்றன. 'செல்' எனப் பொருள்படும் அலே மட்டும் அவ்வாறு முடிந்தாலும் ஒழுங்கற்ற வினையாகும்.

ஈறுகள்

பார்லே (பேசு) என்பதில் ஈ-ஆர் நீங்க, பார்ல் என்னும் அடி எஞ்சும். தன்மை, முன்னிலை, படர்க்கை ஒருமைகளில் முறையே ஈ, ஈ-எஸ், ஈ ஆகியனவும், பன்மைகளில் ஓ-என்-எஸ், ஈ-இசட், ஈ-என்-டி ஆகியனவும் அடியோடு சேரும். எழுத்தில் ஈறுகள் ஐந்து. ஒலிப்பிலோ மூன்றே வடிவங்கள். ஜெ பார்ல் (பேசுகிறேன்), ட்யூ பார்ல் (பேசுகிறாய்), இல் பார்ல் (பேசுகிறான்), மீண்டும் இல் பார்ல் (பேசுகிறார்கள்) என நான்கிலும் வினை ஒன்றுபோலவே ஒலிக்கும். நூ பார்லோன் (பேசுகிறோம்), வூ பார்லே (பேசுகிறீர்கள்) ஆகியன மட்டும் வேறுபடும்.

தமிழில் 'பேசுகிறேன்' என்றாலே எழுவாய் விளங்கிவிடும். பிரெஞ்சில் எழுவாயை விட்டால் பேசுபவர் யாரென்று தெரியாது. ஆகவே அதனை விடுதல் கூடாது. 'அவன் பேசுகிறான்', 'அவர்கள் பேசுகிறார்கள்' என்னும் இரண்டையும் செவியால் வேறுபடுத்தவே இயலாது, சூழலே துணை. வினை உயிரொலியில் தொடங்கினால் மட்டும் பன்மைச் சுட்டின் இறுதி எஸ் உயிர்பெறும்: இலபித் (அவன் வசிக்கிறான்), இல்ஸபித் (அவர்கள் வசிக்கிறார்கள்). கேட்டு எழுதும் தேர்வுகளில் மாணவர் பெரிதும் தவறுவது இவ்விடத்திலேயே.

மான்ஜே (உண்) போன்ற வினைகளில் 'ஜ' ஒலியைக் காக்க, நூ வடிவத்தில் ஓ எழுத்துக்கு முன் ஓர் ஈ எழுதப்படும். அஃதில்லையேல் அது மான்கோன் என ஒலிக்கும்.

பயன்பாடு

ட்யூ, வூ ஆகியன ஏறத்தாழ நம் நீ, நீங்கள் போன்றவை. வூ பன்மைக்கும் ஒருவரை மதித்து அழைப்பதற்கும் உரியது.

'பேசுவது வழக்கம்', 'இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன்' ஆகிய இரு பொருளும் ஜெ பார்ல் என்பதில் அடங்கும். 'நாளை' என்னும் சொல் சேரின் அண்மை எதிர்காலத்தையும் குறிக்கும். முன்பு தொடங்கி இன்றும் நீடிக்கும் செயலுக்கும் நிகழ்காலமே வரும்: 'மூன்று ஆண்டுகளாகப் பாரிசில் வசிக்கிறேன்' என்பதைப் பிரெஞ்சிலும் டெப்யூய் என்னும் சொல்லோடு நிகழ்காலத்திலேயே கூறுவர். ஆங்கிலத்தின் வழியாகப் பிரெஞ்சு கற்போர் இங்கே இடறுவர்; தமிழ் வழியே சிந்திப்போர்க்கு இது இயல்பானது.