மெனுவை மாதம் எழுதும் உணவகம்

பிரிக்பீல்ட்ஸில் வாழை இலை முன் உட்கார்ந்தால், எது வேண்டும் என்பதை நாம் சொல்கிறோம். ஜப்பானியப் பருவப் பொருள்களைப் பிரெஞ்சு முறையில் சமைக்கும் உணவகங்களில் அதைச் சொல்வது மாதம்.

கோலாலம்பூரில் இந்தப் பாணிக்குப் பெயர் பெற்றவர் சமையல் கலைஞர் டேரன் சின். தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் 2014-இல் அவர் தொடங்கிய டிசி உணவகம், 2022 டிசம்பரில் மிஷலின் வழிகாட்டி முதன்முறையாக மலேசியாவுக்கு வந்தபோது நட்சத்திரம் பெற்ற நான்கு உணவகங்களில் ஒன்று.

ஒரு பொருள் உச்ச ருசியில் இருக்கும் காலத்தை ஜப்பானியர்கள் ‘ஷுன்’ என்பார்கள். வசந்தத்தில் மூங்கில் குருத்து, கோடையில் பீச், இலையுதிர் காலத்தில் மட்சுதாகே காளான், குளிர்காலத்தில் கொழுப்பேறிய புரி மீன். டுரியான் காலத்துக்குக் காத்திருக்கும் நமக்கு இது புதிதல்ல. இங்கே அந்தப் பருவம் விமானத்தில் வருகிறது. விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சென்ற டிசம்பரில் கிள்ளானிலிருந்து அம்மாவை இப்படியோர் உணவகத்துக்கு அழைத்துப் போனேன். முன்பதிவு செய்யும்போதே, “அம்மா மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார்” என்றேன். “இறைச்சி மட்டுமா, சாறும் கூடாதா?” என்று திருப்பிக் கேட்டார் ஊழியர்.

முக்கியமான கேள்வி அது. பிரெஞ்சுச் சமையலில் பல குழம்புகளுக்கு அடிப்படை, கன்றுக்குட்டி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுக்கும் சாறு. மீனுக்கு ஊற்றும் குழம்பிலும் அது இருக்கலாம். ஜப்பானிய ‘தாஷி’ சாற்றில் பெரும்பாலும் கடற்பாசியோடு, நம் மாசிக் கருவாடு போன்ற உலர்ந்த சூரை மீன் சேரும். காய்கறித் தட்டு என்பதாலேயே அது சைவம் ஆகிவிடாது.

பொருளும் சாறும் முன்கூட்டியே தயாராவதால், மேசையில் உட்கார்ந்தபின் சொன்னால் மாற்றுவது கடினம். முன்பே சொன்னதால் அம்மாவுக்குத் தனிக் குழம்பு வந்தது. ஸ்காலப் மேல் சீவியிருந்த யூசு பழத்தோலை முகர்ந்து, “நாரத்தை வாசம் அடிக்குதேப்பா!” என்றார். அப்புறம் தட்டில் எதுவும் மிஞ்சவில்லை.

போக நினைப்பவர்கள் மதிய மெனு உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் விலை குறைவு. மெனு விலைக்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு சேவை வரியும் வரக்கூடும். மாடு, மீன், மது, முட்டை என வீட்டில் யாருக்கு எது ஆகாதோ, எல்லாவற்றையும் தொலைபேசியிலேயே கூச்சமின்றிச் சொல்லிவிடுங்கள்.