எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது பிடி

கஞ்சிக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தன் ஊர் ஸ்டேஷனை மேசைமேல் சிறிதாகக் கட்டுகிறார். கடையில் வாங்கிய எச்.ஓ. தண்டவாளத்தில் நம்மூர்ப் பெட்டியை ஏற்றினால், கால்களை ஒடுக்கிக்கொண்டு நிற்பதுபோல் தெரிகிறதாம். ஏன் என்று கேட்கிறார்.

எச்.ஓ. என்றால் 87-இல் ஒரு பங்கு. கடைத் தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. அது 1,435 மி.மீ. பாதையின் சிற்றுரு. வாளையார் காட்டைக் கடந்து கஞ்சிக்கோட்டுக்கு வரும் பாதையோ 1,676 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வருகிறது. ஏறத்தாழ 3 மி.மீ. குறைகிறது, கண்ணுக்கு அது போதும். இந்த அகலத்துக்கு கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி ஆறடி கேட்டார், லண்டனில் ஐந்தரையில் முடித்தார்கள், 1862-இல் அந்த அகலம் பாலக்காட்டுக் கணவாய் வழியே போத்தனூரை எட்டியது. வரலாறு இவ்வளவு போதும்.

ஆகவே பாதையைக் கையால்தான் போட வேண்டும். செம்பு பூசிய சர்க்யூட் போர்டைக் கீற்றுகளாக வெட்டினால் கட்டைகள் தயார். நம் கான்கிரீட் கட்டையின் நீளம் 2.75 மீட்டர், இங்கே 31.6 மி.மீ. ஒவ்வொரு கட்டையிலும் செம்பை நடுவில் அறுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஷார்ட் ஆகும். பிறகு ரயிலை, அதாவது தண்டவாளக் கம்பியை, ஈயப்பற்று வைத்து ஒட்டலாம். நேர்ப்பாதைக்குப் பொறுமை ஒன்றே போதும்.

பாதை பிரியும் இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே ஒரு ரயிலை இன்னொரு ரயில் வெட்டிச் செல்கிறது, அதுதான் கிராசிங். சக்கரத்தின் விளிம்பு கடந்துபோக வழி வேண்டுமே, அதனால் ரயிலில் ஓர் இடைவெளி விடுகிறார்கள். அதற்கு அப்பால் கூரான மூக்கு. இடைவெளியில் சக்கரத்துக்கு வழிகாட்டப் பக்கத்தில் எதுவுமில்லை. ஒரு நூல் விலகினாலும் விளிம்பு மூக்கில் மோதும், அல்லது தவறான பாதைக்குள் நுழையும். அதைப் பிடித்துவைப்பது எது?

எதிர்ப்பக்க ரயிலை ஒட்டி உள்ளே நிற்கும் செக் ரயில். ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வலது மாடு வரப்பு உடைந்த இடத்தைத் தாண்ட வேண்டும். அதைத் தொடாமலே, இடது மாட்டைச் சுவரோரம் அணைத்து ஓட்டினால், நுகம் வலது மாட்டையும் நேர்கோட்டில் இழுத்துப் போகும். மாடாவது கழுத்தை ஒடிக்கும். இந்த நுகம் இரும்பு அச்சு, நம் அகலப்பாதையில் இரு சக்கரங்களின் உட்புறங்களுக்கு இடையே 1,600 மி.மீ. நுகத்தின் நீளம் மாறாது என்பதால்தான் சுவர் வேலை செய்கிறது. நீளம் மாறினால் சுவரும் வீண், மாடும் வரப்பில் விழும்.

அசல் பாதையில் செக் ரயிலுக்கும் ஓடும் ரயிலுக்கும் இடையே 44 முதல் 48 மி.மீ. 87-இல் ஒரு பங்காக்கினால் அரை மி.மீ. கடைச் சக்கரத்தின் விளிம்பு அதற்குள் நுழையாத அளவு தடிமன். காரணம் இருக்கிறது. குட்டிப் பெட்டிக்கு எடை இல்லை. நீள அகல உயரம் மூன்றும் 87 மடங்கு சுருங்கினால் எடை ஆறரை லட்சம் மடங்கு குறைகிறது. பெரும்பாலான பெட்டிகளில் வேலைசெய்யும் வில்லும் இல்லை. இரண்டையும் ஈடுகட்டத்தான் விளிம்பைத் தடிமனாகவும் ஆழமாகவும் செய்கிறார்கள். ஆகவே அகலத்தை அசலாக வைத்துவிட்டு, இடைவெளியைச் சக்கரத்துக்கு ஏற்ப ஒரு மி.மீ.க்குச் சற்று மேலே விடுவதே நடைமுறை. இடைவெளியும் அசலாக வேண்டும் என்பவர்கள் சக்கரத்தையும் புதிதாகக் கடைந்து, ஒவ்வொரு அச்சுக்கும் வில் பொருத்த வேண்டும்.

3டி பிரிண்டர் வந்தபின் கைவேலை முடிந்துவிட்டது என்ற பேச்சை நான் நம்பவில்லை. கட்டைகளை அச்சிடலாம், சந்தோஷம். பன்னிரண்டு பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு விலகும் ‘1-க்கு 12’ கிராசிங்கின் மூக்கு ஐந்து பாகைக்கும் குறைந்த கூர்மை. உலோக ரயிலில் அதை அரம்தான் கொண்டுவரும்.

வாசகருக்கு ஒரு யோசனை. செக் ரயிலைப் பக்கத்து ரயிலிலிருந்து அளந்து ஒட்டாதீர்கள். அந்த ரயில் சற்று நகர்ந்திருந்தால் பிழை அப்படியே மூக்குக்குப் போய்ச் சேரும். முதலில் மூக்கை ஒட்டுங்கள். அங்கிருந்து குறுக்கே அளந்து செக் ரயிலை வையுங்கள். பற்று ஆறியதும் ஒரே ஒரு பெட்டியைக் கையால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். மூக்கருகே ‘டிக்’ என்று கேட்டால், எதிர்ப்பக்கத்துப் பற்றை உருக்குங்கள்.