காட்டு நெல் தந்த காப்பு



திருவள்ளூரை அடுத்த திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. டி.கே.எம். என்னும் எழுத்துகளோடு வழங்கும் நெல் வகைகள் அங்குப் பிறந்தவை. திரூர்க்குப்பம் என்னும் ஊர்ப்பெயரே அவ்வெழுத்துகளாகச் சுருங்கிற்று. அவற்றுள் தண்டுத் துளைப்பானைத் தாங்கவல்ல டி.கே.எம். 6, உலகப் புகழ் பெற்ற ஐ.ஆர். 36 நெல்லின் முன்னோர்களுள் ஒன்று. ஐ.ஆர். 36-க்கு மற்றொரு முன்னோரும் உண்டு. அது யாரும் விதைக்காத காட்டுப் புல். அதன் வரலாற்றையே இன்று நான் சொல்ல விழைகிறேன்.

1970-களில் ஆசிய நாடுகளின் வயல்களைக் குட்டை நோய் ஒன்று தாக்கியது. அதனை உண்டாக்குவது வைரஸ். பயிருக்குப் பயிர் சுமந்து செல்வது புகையான் என்னும் சிறு பூச்சி. நோயுற்ற பயிர் புல்போலத் தழைக்குமேயன்றி உயராது. கதிர் ஈனுவதும் அரிது. நோயுற்ற பயிரைக் குணமாக்க மருந்தில்லை. ஆகவே, எதிர்ப்பாற்றல் பயிரின் பிறப்பிலேயே அமைதல் வேண்டும்.

பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தனர். உறுதியான எதிர்ப்பு ஒன்றே ஒன்றில்தான் தென்பட்டது. 1963-இல் உத்தரப் பிரதேசத்துக் கோண்டாவுக்கு அருகில் திரட்டப்பட்ட ‘ஒரைசா நிவாரா’ என்னும் காட்டு நெல் அது. வடமொழியில் நீவாரம் எனப்படுவது இதுவே. மணி முற்றியதும் உதிர்ந்துவிடுமாதலின், உழவருக்கு அது வெறும் களை.

களையின் ஒரு குணத்தை மட்டும் பிரித்தெடுப்பது எங்ஙனம்? குர்தேவ் சிங் குஷ் என்னும் இந்திய அறிஞரும் அவர்தம் குழுவினரும் அதனை ஐ.ஆர். 24 நெல்லோடு கலந்தனர். பிறந்த சந்ததியை மீண்டும் மீண்டும் ஐ.ஆர். 24-உடனேயே கலந்தனர். வைரஸ் சுமந்த புகையானை நாற்றுகளின்மேல் விட்டு, நோய்க்குத் தப்பியவற்றையே பொறுக்கினர். காட்டுக் குணங்கள் படிப்படியாகக் குறைந்தன, எதிர்ப்பு நிலைத்தது. அவ்வெதிர்ப்பு ஒரே மரபணுவால் அமைந்திருந்தது பணியை எளிதாக்கிற்று. 1974-இல் முதல் வகைகளும், 1976-இல் ஐ.ஆர். 36-உம் வெளிவந்தன. 1980-களில் ஐ.ஆர். 36 மட்டுமே சுமார் 1 கோடியே 10 லட்சம் ஹெக்டேரில் பயிராயிற்று.

ஆயினும் வைரஸும் வாளாவிருப்பதில்லை. 1980-களின் தொடக்கத்தில் பிலிப்பைன்சில் தோன்றிய அதன் வேறொரு வகை, இந்த எதிர்ப்பையும் மீறியது. ஒரு காப்பு உடைந்தால் மற்றொன்றைத் தேடுதல் வேண்டும். அதனை எங்குத் தேடுவது? மீண்டும் காட்டு நெற்களிடையேதான்.

இத்தகைய காட்டு நெற்கள் ஆழமற்ற குட்டைகளிலும் ஏரி ஓரங்களிலும் பள்ளங்களிலும் வளர்பவை. கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் பெருகுவது பலருக்குப் பிழைப்பைத் தருகிறது. அதனைக் குறை கூறுவார் இல்லை. ஆனால், தொழிலுக்காகவோ வீட்டுக்காகவோ ஒரு குட்டையைத் தூர்க்குமுன், அங்கு வளரும் புல் யாது என்று பார்த்து, விதையைத் திரட்டி விதை வங்கியில் சேர்ப்பது நம் கடமையாகும். கோண்டாவின் அந்தக் காட்டு நெல் 1963-க்கு முன்பே அழிந்திருக்குமாயின், பிற்காலத்தில் அதன் அருமையை எவர் அறிந்திருப்பர்?