மோடம் மௌனமானால் குற்றவாளி யார்?

பள்ளித் திட்டப்பணியை நாளை ஒப்படைக்க வேண்டும். தகவல் தேட இணையத்தில் நுழைகிறீர்கள். வழக்கமான கீச்சொலி கேட்கவில்லை. 'டயல் டோன் இல்லை' என்கிறது கணினி. உடனே புதிய மோடம் வேண்டும் என்று அப்பாவிடம் போய் நிற்காதீர்கள். குற்றவாளி வேறாக இருக்கலாம்.

கணினிக்குத் தெரிந்தவை 0, 1 என்னும் இரண்டு எண்களே. தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலுக்காக அமைந்தது; ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கொண்டு செல்லும். எண்களை இந்த எல்லைக்குள் அடங்கும் ஒலிகளாக மாற்றுவதும், வரும் ஒலிகளை மீண்டும் எண்களாக்குவதும் மோடத்தின் வேலை. எனவே, குரலைக் கெடுக்கும் எதுவும் மோடத்தையும் கெடுக்கும். இதைக் கண்டறிய வீட்டுத் தொலைபேசியே போதும்.

முதலில், வீட்டில் வேறு தொலைபேசியின் கைப்பிடி சரியாக வைக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, மோடத்திலிருந்து கம்பியைக் கழற்றித் தொலைபேசியில் செருகிக் கேளுங்கள். டயல் டோன் இல்லையென்றால் கம்பியை மட்டும் மாற்றுங்கள். இப்போது கேட்டால், பழுது பழைய கம்பியில். அப்போதும் கேட்காவிட்டால், பழுது சுவர் இணைப்பிலோ வெளிக்கம்பியிலோ இருக்கிறது. தொலைபேசி நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள்.

டயல் டோன் தெளிவாகக் கேட்கிறதா? அப்படியானால் மோடத்தின் பின்புறம் பாருங்கள். சுவரிலிருந்து வரும் கம்பி 'லைன்' என்ற துளையில் இருக்க வேண்டும். 'ஃபோன்' என்ற துளையில் அல்ல. அதுவும் சரியென்றால், கணினியின் டெர்மினல் மென்பொருளில் 'ஏ', 'டி' என்ற இரு ஆங்கில எழுத்துகளைத் தட்டி 'என்டர்' அழுத்துங்கள். 'கவனி' என்று மோடத்துக்கு இடும் கட்டளை அது. 'ஓகே' என்று பதில் வந்தால், கணினியும் மோடமும் பேசிக்கொள்கின்றன. பதில் இல்லையென்றால், மோடத்தையோ அதை இயக்கும் மென்பொருளையோ சந்தேகிக்கலாம்.

இணைப்பு கிடைத்து அடிக்கடி அறுந்தால், கம்பியில் இரைச்சல் இருக்கலாம். பேசும்போது 'கரகர' ஒலி கேட்கிறதா என்று கவனியுங்கள். 'அழைப்புக் காத்திருப்பு' வசதியின் 'பீப்' ஒலியும் இணைப்பைத் துண்டிக்கக்கூடும்.

ஓர் எச்சரிக்கை. மின்னல் தாக்கினால் மிகை மின்னழுத்தம் தொலைபேசிக் கம்பி வழியாகவும் வரும். மின்சுவிட்சை அடைத்தால் மட்டும் போதாது. மழை வருமுன்பே தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். மின்னல் வெட்டும்போது கம்பியைத் தொடாதீர்கள்.

ஒரே நேரத்தில் கம்பியையும் மோடத்தையும் மாற்றினால், எது பழுது என்று தெரியாமலே போகும். அறிவியல் கூடத்தைப் போலவே இங்கும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வீண்செலவும் மிச்சமாகும்.